நூற்றுப் பதினெட்டு டிகிரி

சூளையை ஓட விட்டுவிட்டால் எனக்கு உட்கார வராது. மீட்டரைப் பார்ப்பேன், வாசலுக்குப் போவேன், தெருவில் போகிற தண்ணி லாரியை முறைப்பேன், திரும்ப வந்து மீட்டரைப் பார்ப்பேன். அது மணிக்கு அறுபது டிகிரிதான் ஏறும். நான் முறைப்பதால் அறுபத்தொன்று ஆகப் போவதில்லை. தெரியும். தெரிந்து என்ன செய்ய? பதினொரு வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவள் நான்தான் என்றால் எனக்கே நம்ப முடியவில்லை.

அந்த வேலையை விட்டுவிட்டுக் களிமண்ணில் சிற்பம் செய்கிறேன். "பானை செய்றியாமே?" என்று கோவில்பட்டிச் சொந்தக்காரர்கள் போனில் கேட்பார்கள். பானை இல்லை. புழங்கிப் பழசான துணிப் பொருள் எதையாவது எடுத்து, பால் பதத்தில் கரைத்த களிமண்ணில் முக்கிக் காய வைப்பேன். காய்ந்ததும் மறுபடி முக்குவேன். நாலைந்து பூச்சு ஏறியதும் சூளையில் வைப்பேன். உள்ளே துணி எரிந்துவிடும். மேலே பூசிய மண் மட்டும், அந்தத் துணியின் மடிப்பும் தையலும் கிழிசலும் அப்படியே பதிந்து, ஓடாக நிற்கும். இதைக் கேட்டுவிட்டு என் கணவர், "என் வேட்டிப் பக்கம் மட்டும் வந்துடாத தாயே" என்றார். அவருக்கு என் கலையைப் பற்றி வேறு அபிப்பிராயம் கிடையாது.

எங்கள் ஃப்ளாட் ஆவடியில். அங்கே சூளை வைக்க வழியில்லை. மூன்று ஃபேஸ் கரண்ட் என்று வாயைத் திறந்ததுமே அசோசியேஷனில் எல்லோரும் என்னை வெடிகுண்டு செய்கிறவளைப் போலப் பார்த்தார்கள். அதனால் திருநின்றவூரில், ஏரிப் பக்கம், இரண்டு அறை உள்ள ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்து, சூளையை அங்கே வைத்தேன். மின்சார ரயிலில் கால் மணி நேரம். அந்த ரயிலிலும் நான் உட்கார மாட்டேன்.

இரண்டு வருஷம் முன்னால் எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் காம்ப்ளெக்ஸ் வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டேன்: உபயோகமும் இல்லை, தூக்கி எறியவும் மனசில்லை என்று உங்கள் வீட்டில் கிடக்கும் துணிப் பொருள் ஒன்றைக் கொடுங்கள், சிற்பம் ஆக்குகிறேன். வந்து குவிந்தன. ஃப்ரிட்ஜ் கைப்பிடி உறை, ரிமோட் உறை, குரங்குக் குல்லாய், ஸ்கூல் டை, குழந்தை சாக்ஸ் ஒற்றையாக எட்டு. எல்லாவற்றையும் முக்கினேன், சுட்டேன். வெளியே எடுத்துப் பார்த்தால் மீன் தொட்டிக்குள் போட்டு வைக்கிற பொம்மைகள் மாதிரி இருந்தன. நகரத்தில் ஒரு கூட்டுக் கண்காட்சி வைப்பதாக இருந்தவர் போட்டோக்களைப் பார்த்துவிட்டு, "அழகா இருக்குங்க" என்றார். செவிட்டில் ஓர் அறை விட்டிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

எங்கள் பிளாக்கைப் பெருக்கித் துடைக்க ஒரு பெண் வருவார். ஏஜென்சி மூலமாகச் சேர்ந்தவர், ஆவடிக்காரர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அக்கா என்பார். யார் மூத்தவர் என்று நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை. ஒரு நாள் என் வாசலில் நின்றுகொண்டு அந்தக் குல்லாய்களையும் சாக்ஸுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, பொம்மக் கடயா?"

"உங்க வீட்ல எதாவது இருந்தா குடுங்களேன்க்கா. பழசா, துணியில."

"எங்கூட்ல இன்னா கீது? எல்லாம் கட்டிக் கிழிச்சாச்சு" என்று சிரித்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து ஒரு கேரி பேக்கில் சுருட்டி அவர் கொண்டு வந்தது ஒரு சும்மாடு. சுமை தூக்குகிறவர்கள் தலைக்கும் சுமைக்கும் நடுவில் வைக்கிற துணி வளையம். நான் பார்த்த சும்மாடுகள் எல்லாம் துண்டை அப்போதைக்கு அப்போது சுற்றி வைத்துக்கொள்வது. இது அப்படி இல்லை. பழைய புடவைகளைப் பட்டை பட்டையாகக் கிழித்து, முறுக்கி, வளையமாகச் சுற்றி, கோணி ஊசியால் தைத்தது. எண்ணெயும் வியர்வையும் சிமென்ட்டும் ஏறிக் கறுத்துப் போயிருந்தது. ஒரு பக்கம் சற்றே அழுந்தியிருந்தது, அவர் தலை உட்கார்ந்த இடம்.

"பதினாறு வருசம் கட்டட வேல செஞ்சேன்கா. இந்தக் கட்டடத்துக்கு மூணாவது மாடி வரிக்கும் செங்கல் ஏத்துனதே நாந்தான். இது தலில இருந்தா ரெண்டு கையும் ஃப்ரீயா வுட்டுகினு போவேன். ஒரு வாட்டி கூட உழுந்ததில்ல, தெரியுமா?"

"அக்கா, இது சூளைல எரிஞ்சிடும். திரும்பக் கிடைக்காது."

"எரியட்டுமே. இப்ப தொடப்பத்தத்தான தூக்குறேன், தொடப்பத்துக்கு சும்மாடு கேக்குதா?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று மத்தியானமே திருநின்றவூருக்கு ஓடினேன். முதல் பூச்சில் முக்கித் தூக்கியபோது கறுப்பு போய் வெளுத்து, துணியின் முறுக்கு ஒவ்வொன்றும் எலும்பு மாதிரித் தெரிந்தது. வழக்கமாக நான் ஒரு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு இன்னொன்றில் கை வைப்பேன். அதன் முன்னால் மட்டும் ஒன்றரை மணி நேரம் அசையாமல் நின்றேன். நல்லது என்று ஒன்றைச் செய்தால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் ஐந்து பூச்சு ஏற்றி, போட்டோ எடுத்து அனுப்பினேன். கண்காட்சிக்காரர் அழகு என்று சொல்லவில்லை. "இது கண்டிப்பா வேணும். வியாழக்கிழமை வண்டி அனுப்பறேன்" என்றார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சூளையைப் போட்டேன். ஒன்பதரை மணி சுமாருக்குப் போன் அடித்தது. அக்காதான்.

"அக்கா, ஊட்லயா கீற?"

"இல்லக்கா, திருநின்றவூர்ல இருக்கேன். சொல்லுங்க."

"ஒண்ணு கேக்குறேன், தப்பா நென்ச்சுக்காத. அந்த சும்மாடு கீதே, அத்தத் திருப்பிக் குடுக்க முடியுமா?"

ஏஜென்சியை மாற்றிவிட்டார்களாம். புது ஏஜென்சி தன் ஆட்களைக் கூட்டி வருகிறதாம். நேற்று சாயங்காலம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதே காம்ப்ளெக்ஸில் இருக்கிற எனக்கு அது தெரியாது. முத்தாபுதுப்பேட்டையில் நடக்கிற ஒரு கட்டட வேலைக்குப் பழைய மேஸ்திரி கூப்பிட்டிருக்கிறார், திங்கட்கிழமை ஏற வேண்டும்.

"புதுசா ஒண்ணு சுத்திப் பாத்தேன்கா. தண்ணிக் கொடத்த வெச்சுகினு நடந்து பாத்தேன். தல நிக்கல, ஆடுது. நாலு மாடி, படிக்குக் கைப்பிடி கூட இன்னும் வெக்கல. மூணு வருசமாச்சா, பயக்கமும் வுட்டுப் போச்சு. அது இல்லாம ஏற எனுக்கு பயமா கீதுக்கா."

நான் பேசிக்கொண்டே மீட்டரைப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு.

இதை விளக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது என்னவென்று புரியாது. நூற்றுப் பதினெட்டு டிகிரி என்பது இட்லிப் பானைக்குள் இருக்கிற சூட்டைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதில் துணி எரியாது. கருகக் கூடச் செய்யாது. மண்ணும் இன்னும் சுடாத மண்தான். ஸ்விட்சை அணைத்து, ஒரு மணி நேரம் ஆற விட்டு, எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் போட்டால் டீயில் போட்ட பிஸ்கட் மாதிரி அத்தனை பூச்சும் கரைந்து போகும். சும்மாட்டை அலசிப் பிழிந்து வெயிலில் போட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் கையில் கொடுத்திருக்கலாம். நான் இழப்பது ஒரு வார வேலையும் ஒரு வியாழக்கிழமையும்.

"ஐயோ, எரிஞ்சு போச்சேக்கா" என்றேன். "காலைலயே சூளைல வெச்சுட்டேனே."



"சரிக்கா, பரவால்ல. நாந்தான குடுத்தேன்" என்று வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் நான் பட்ட அல்லாட்டத்தை என்னவென்று சொல்வது. வாசலுக்கும் மீட்டருக்கும் எத்தனை நடை நடந்தேனோ தெரியாது. நூற்று இருபத்தைந்து. இப்போது கூட அணைக்கலாம். நூற்று நாற்பது. அணைக்கலாம். ஆனால் அணைத்துவிட்டு அவரிடம் என்ன சொல்வது? எரியவில்லை, சும்மா சொன்னேன் என்றா? ஒரு பொய்யைச் சொல்ல அரை நொடி ஆயிற்று. அதைத் திருப்பி எடுக்க வாய் வரவில்லை. போனைக் கையில் எடுப்பேன், அவர் நம்பர் வரைக்கும் போவேன், கீழே வைப்பேன். பக்கத்து அறையில் போய் நின்று பார்த்தேன். அங்கே மீட்டர் இல்லை, அதனால் மனசுக்குள் ஒரு மீட்டர் ஓட ஆரம்பித்தது. எனக்கு என் மேல் வந்த ஆத்திரத்தில் ஒரு வாளிக் கரைசலைக் காலால் இடறிக் கொட்டினேன். துடைக்கிற வேலையாவது கிடைக்கட்டும் என்றுதான் இடறினேனோ என்னவோ.

மூன்றாவது வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கும்போது வாடை வர ஆரம்பித்தது. வீட்டுக்காரர், அந்த ஊரிலேயே நிலம் நீச்சு என்று இருந்த குடும்பம், கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தார்.

"இன்னாமா, இன்னிக்கும் துணி கருக்குறியா? தெரு முச்சூடும் நாறுது."

"ஆமாங்க" என்றேன். மீட்டரில் இருநூற்று எழுபது. மடத்தனமாக, முதல் தடவையாக அன்று என் கால் நின்றது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆனதும் வந்த நிம்மதி அது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது.

நிம்மதி வீடு வரைக்கும் கூட வரவில்லை. ராத்திரி கணவரிடம் சொன்னேன். நடந்ததை அப்படியே இல்லை, சும்மாடு எரிந்துவிட்டது, அக்கா திரும்பக் கேட்கிறார் என்று மட்டும். "புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்துடேன்" என்றார்.

"சும்மாட்ட எந்தக் கடைல விக்கிறாங்க?"

"அப்ப நீ பண்ணிக் குடு. கைவேலைக்காரிதானே."

கிண்டலாகத்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே என் பழைய காட்டன் புடவை இரண்டைக் கிழித்து உட்கார்ந்துவிட்டேன். முறுக்கினேன், சுற்றினேன், கோணி ஊசிக்கு அலைந்து ஒரு மளிகைக் கடையில் கடன் வாங்கித் தைத்தேன். பார்க்க ஜோராக இருந்தது. தலையில் வைத்து, அதன் மேல் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்து ஹாலில் நடந்தேன். நாலு அடி. பை சோபாவில் விழுந்தது, என் கழுத்தில் சுளீர் என்றது. மறுபடி பிரித்துச் சுற்றினேன். இந்தத் தடவை மூன்று அடி. கணவர் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

பதினாறு வருஷம் ஒருவர் தலையில் உட்கார்ந்தால்தான் அது அப்படி ஆகும் என்பது எனக்குப் புரிய ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

மத்தியானம் மறுபடி ரயிலேறித் திருநின்றவூர். ராத்திரி தானாக அணைந்த சூளை ஆறிக்கொண்டிருந்தது. இருநூற்று எண்பது காட்டியது. இந்தத் தொழிலில் முதல் பாடமே இதுதான்: கையால் தொடுகிற சூட்டுக்கு வரும்வரை மூடியைத் தூக்காதே, குளிர் காற்று பட்டால் வெடிக்கும். என்னிடம் பழக வந்தவர்களிடம் நானே படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். ஆனால் எனக்குப் பார்த்தாக வேண்டும். இவ்வளவு செய்து எடுத்துக்கொண்டது அதற்குத் தகுந்த மாதிரி வந்திருக்கிறதா என்று அப்போதே தெரிந்தாக வேண்டும். திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்க முடியவில்லை. தோல் கையுறையை மாட்டிக்கொண்டு மூடியைத் தூக்கினேன்.

வந்திருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் அப்படி ஒன்றைச் செய்ததில்லை. முறுக்கு முறுக்காக, வெள்ளையாக, ஊதினால் பறந்துவிடும் போல. கோணி ஊசித் தையல் ஒவ்வொன்றும் இருந்தது. தலை அழுந்திய பள்ளம் இருந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிங் என்று ஒரு சத்தம். பள்ளத்துக்குப் பக்கத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடியது. மூடியைப் போட்டேன். ஐயோ என்று வாய்விட்டுக் கத்தினேன், யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை முத்தாபுதுப்பேட்டைக்குப் போனேன். விடிகாலையில் சூளையிலிருந்து எடுத்துத் துண்டில் சுற்றிய சிற்பமும், நான் தைத்த சும்மாடும் பையில் இருந்தன. எதற்காகப் போகிறேன் என்று ஆட்டோவில் மூன்று தடவை என்னையே கேட்டுக்கொண்டேன். மன்னிப்பு கேட்கவா, காட்டவா? இரண்டும் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு வந்தன.

கட்டடம் நாலாவது மாடிக்கு வந்திருந்தது. படியில் நிஜமாகவே கைப்பிடி இல்லை. அக்கா கலவைச் சட்டியோடு ஏறிக்கொண்டிருந்தார். தலையில் ஒரு சிவப்புத் துண்டுச் சுருள். ஒரு கை சட்டியை இறுகப் பிடித்திருந்தது. இன்னொரு கை சுவரைத் தடவிக்கொண்டே போனது. பத்தரை மணிக்கு டீ வந்ததும் கீழே இறங்கி, என்னைப் பார்த்துக் கண்ணை அகலமாக்கினார்.

"இன்னாக்கா, இம்மாந் தூரம் வந்துகீற?"

நான் தைத்ததை முதலில் நீட்டினேன். வாங்கி அமுக்கிப் பார்த்தார். "பஞ்சு மாதிரி கீது. ஒரே நாள்ல சப்பையாயிடும்" என்றார். கேலி இல்லை, தகவலாகச் சொன்னார். பிறகு துண்டைப் பிரித்து மற்றதைக் கொடுத்தேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பள்ளத்தில் பெருவிரலை வைத்தார்.

"இங்கதான் என் தலி குந்தும்" என்றார். "எம்மா லேசா கீதுக்கா! இன்னும் கொஞ்சம் கெட்டியா செஞ்சிருக்கக் கூடாது?" கேட்டுக்கொண்டே தலையில் வைத்துப் பார்த்தார். சரியாக உட்கார்ந்தது. "சட்டி வெச்சா தாங்குமா?"

"தாங்காதுக்கா. உடைஞ்சிடும்."

"அப்ப இன்னாத்துக்கு இது?"

நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதினொரு வருஷம் ஆபீஸ் மீட்டிங்குகளில் பேசியிருக்கிறேன். கண்காட்சிக்குக் கொடுக்க இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதில் ஒரு வரி கூட அங்கே வாயில் வரவில்லை. வந்தது வேறு.

"அக்கா, சனிக்கிழமை நீங்க போன் பண்ணப்போ அது எரியல. எடுத்திருக்கலாம். நான்தான் எடுக்கல."

அவர் சும்மாட்டைத் தலையிலிருந்து இறக்கினார்.

"தெரியும்கா."

"எப்படி?"

"கேட்டவொடனே சொல்லிட்டியே. 'ஒரு நிமிசம் இரு, பாத்துட்டு வரேன்'னு சொல்லிருந்தீன்னா நம்பிருப்பேன்."

"மன்னிச்சிடுங்கக்கா" என்றேன். "இத நீங்களே வெச்சுக்குங்க. நான் யாருக்கும் குடுக்கல."

"நா வெச்சுகினு இன்னா பண்ண? புள்ளைங்க ஒடச்சிப் போடும்." அதைத் துண்டில் என்னைவிட ஒழுங்காகச் சுற்றி, என் பையில் வைத்தார். "நீயே எடுத்துகினு போக்கா. உனுக்குத்தான வோணும்னு இருந்துச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு அழுதிருப்பேன். மேஸ்திரி கூப்பிட்டார். அக்கா மீதி டீயைக் குடித்துவிட்டு, சிவப்புத் துண்டை உதறிச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு போனார். நான் தைத்தது செங்கல் அடுக்கின் மேலேயே இருந்தது. அவர் நாலு மாடியும் ஏறி, இறங்கி வருகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கியவர் என்னைப் பார்த்து, "இன்னும் போவலியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த சட்டிக்குக் குனிந்தார்.

வியாழக்கிழமை வண்டி வந்தது. பஞ்சு சுற்றி, பெட்டியில் வைத்து, "உடையும், கவனமாகத் தூக்கவும்" என்று மேலே என் கையாலேயே எழுதி, கொடுத்தனுப்பினேன்.